பதினாலு வீட்டுக்குப் பதினோரு பக்கம்

பிற்பகல் மூன்று பத்துக்குக் கரண்டு போனது. இப்போதும் விசிறியின் வேகம் குறைந்தாலே என் கை தானாக மகளைத் தேடுகிறது.

முதலில் கரண்ட் அங்கிளைச் சொல்லிவிடுகிறேன். தனக்குத் தானே கடிதம் எழுதி, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்ட மனிதர் மலேசியாவிலேயே அவர் ஒருவர்தான்.

ரவாங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக்குப் பெரிய மின்சார லைன் வரவில்லை. பதினான்கு வீடுகளுக்கும் அங்கிளின் ஜெனரேட்டர்தான். முறையான லைசன்ஸ் உண்டு. கூடவே, நகரங்களுக்கு மின்சாரம் தரும் கம்பெனிகள் நிரப்புகிற அதே பதினோரு பக்க ஃபாரமும் உண்டு. கரண்டு போனால் அதை எழுதி முடித்த பிறகே மறுபடி போடலாம். மேனேஜர் விண்ணப்பிக்க வேண்டும், பாதுகாப்பு அதிகாரி அனுமதிக்க வேண்டும். நீலத் தொப்பி போட்டால் அங்கிள் மேனேஜர். மஞ்சள் ஹெல்மெட் போட்டால் அதிகாரி. ஒருமுறை கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறதென்று மஞ்சள் ஹெல்மெட் நீலத் தொப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாங்கள் வியர்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டும் நீங்கதானே அங்கிள், பாஸ் பண்ணுங்க லா!"

"தெரிஞ்ச ஆளுன்னு விட்டுட முடியுமா? லைசன்ஸ் போனா பதினாலு வீடும் இருட்டுலம்மா!"

மூன்று பத்துக்குக் கரண்டு போன அன்று என் மகளுக்கு மூச்சிழுப்பு. மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் பாதியில் நின்றது. காரைக் கணவர் வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஜெனரேட்டர் ஷெட்டுக்கு ஓடினேன்.

அங்கிள் பழுதைப் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, அங்கே நீலத் தொப்பியோடு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆறாவது பக்கம்மா. எத்தனை மாநிலம் பாதிச்சிருக்குன்னு கேக்கிறாங்க. ஒண்ணுன்னு போட்டா சிலாங்கூர் மாநிலமே பயந்துடும். பூஜ்யம்னா பொய்யில்ல?"

"அங்கிள், பாப்பாவுக்கு மூச்சு விட முடியல!"

பேனா கீழே விழுந்தது, நீலத் தொப்பியைக் கழற்றி எறிந்தார். இப்போது தலையில் தொப்பியும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. வெறுந்தலையோடு ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினார்.

நான் வீடு திரும்பியபோது மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மகளின் தோள்கள் மெல்ல அடங்கின.

ஃபாரத்தை முடிக்காமல் கரண்டு போட்டதாக மறுநாள் தன்மேல் தானே புகார் எழுதி லைசன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"யாருக்குத் தெரியப் போகுது அங்கிள்?"

"மஞ்சள் ஹெல்மெட்டுக்குத் தெரியுமே!"

என்னால்தானே லைசன்ஸ் போகப்போகிறது என்று மாதக்கணக்கில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலை, அலுவலகத்திலிருந்து இளம் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். அங்கிள் சுவரிலிருந்த லைசன்ஸை ஃபிரேமோடு கழற்றி, துடைத்து, நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்காமல் ஒரே ஒரு தாளை அவர் கையில் வைத்தார்.

"சின்ன சப்ளைக்கெல்லாம் இனிமே இந்த ஒரு பக்கந்தான் அங்கிள். மொதல்ல கரண்டப் போடுங்க, அப்புறம் எழுதுங்க. உங்க புகாரப் படிச்சிட்டு மொதல் கேள்விய நாந்தான் சேக்கச் சொன்னேன். எந்த வீட்டுல மூச்சு மெஷின் இருக்கு?"

அங்கிள் எந்தத் தொப்பியையும் தேடவில்லை.

"ஏழாம் நம்பர்," என்றார். "நம்ம பாப்பா."