சும்மா உட்காரத் தெரியாத சைடர் அண்ணாச்சி

இராஜபாளையத்தில் உட்கார்ந்த கோலத்தில் யாரும் பார்த்தறியாத ஒரே மனிதர் எங்கள் தெரு சைடர் அண்ணாச்சிதான். பேப்பரைக்கூட நடந்துகொண்டேதான் படிப்பார். தலையங்கத்தில் டீக்கடையைத் தாண்டுவார், விளையாட்டுச் செய்தியில் வீடு திரும்புவார். ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய மச்சினன்மார் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்கள். சாம்பார் வாளி வருவதற்குள் நழுவி எழுந்து, யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்தபடி பந்தி ஓரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சைடர் என்றால் நூல் மில்லில் மெஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். நீளமான மெஷினில் நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதன் ஓரமாக ஷிப்ட் முழுக்கப் போவதும் வருவதும்தான் வேலை. எங்கே நூல் அறுகிறதோ அங்கே விரலை விட்டு ஒட்டிவிட வேண்டும். சுற்றுகிற கதிர் நல்ல கதிர், நூல் ஏறாமல் நிற்பதைக் கண்டால் உடனே கை வைக்க வேண்டும். இளவட்டமாக மில்லுக்குள் போனவர், தலை நரைக்கும்வரை இதையேதான் செய்தார். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியதால், அவர் காதோடு சொல்கிற ரகசியம் அடுத்த தெருவுக்கும் போய்ச் சேரும்.

ஐம்பதை நெருங்கும்போது மில்லை மூடிவிட்டார்கள். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி ஒரு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தார்.

"நெழல்ல வேலை. நாற்காலி, பேனு எல்லாம் குடுக்காகளாம்."

"நாற்காலியா? நான் அப்படி என்னட்டி தப்பு செஞ்சேன்?" என்று அலறினார் அண்ணாச்சி.

மறு வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். தேறினால் அங்கேயே வேலை. "நர்சம்மா உக்காந்து பாத்திருக்கீயளா தம்பி? அதான் நமக்குத் தோதான வேலை" என்றார் என்னிடம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவர் மகள் வயதுப் பெண்கள்.

பேண்டேஜ் சுற்றும் வகுப்பில் நூல்கண்டு சுற்றுகிற பழக்கத்தில் இறுக்கிச் சுற்றி, நோயாளியாக நடித்த பெண்ணை நிஜ நோயாளியாக்கப் பார்த்தார். வார்டுக்கு அனுப்பினார்கள். கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவரிடம், "வெளிக்குப் போனீயளா?" என்று அவருக்குத் தெரிந்த மெல்லிய குரலில் விசாரித்தார். வார்டில் இருந்த அத்தனை பேரும் பதில் சொன்னார்கள்.

இதையெல்லாம்கூடச் சிரித்து விட்டுவிட்டார்கள். தூங்குகிறவர்களை எழுப்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், நடுவே நடைபாதை. அவருக்கு அது மில்லேதான். நடந்துகொண்டே வருவார். அசையாமல் ஒருவர் கிடந்தால் போதும், கை தன்னால் போய்த் தோளைத் தட்டிவிடும். ஊசி போட்டுத் தூங்கவைத்தவர்களையெல்லாம் எழுப்பி உட்காரவைத்தார்.

அந்த நாட்களில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றவரின் முகம் சரியாக இல்லை.

"பிள்ளைகளுக்கு ஒருக்கச் சொன்னா ஏறிருது தம்பி. எனக்கு மண்டையில இருந்து மில்லு எறங்குனாத்தான மத்தது ஏறும்? இதுவும் போச்சுன்னா இந்த வயசுல வேற எங்க போயிப் படிக்க?"

புதிதாகப் படிப்பதை யாரும் பாராட்டுவார்கள். படித்ததை மறக்க ஒரு மனிதர் படுகிற பாடு வெளியே தெரிவதில்லை.

அப்போதுதான் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் வந்தது, அதே ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் முடிந்து வார்டில் அரை மயக்கத்தில் கிடந்தபோது ஹெட் சிஸ்டரின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இவுக தூங்கட்டும். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிடுங்க. வித்தியாசமா எதுனா தெரிஞ்சா என்னயக் கூப்பிடுங்க. தொடக் கூடாது. இவுகளயும் எழுப்பிட்டீயன்னா நாளைல இருந்து வராதீங்க."

பிறகு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில் இருந்தது. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் சைடர் அண்ணாச்சி. ஆம், உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என் நெஞ்சு ஏறி இறங்குவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழிச்சிட்டீயளா தம்பி?" அவர் ரகசியமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "நான் தொடல. நீங்களாத்தான் முழிச்சிய. சிஸ்டர்ட்ட செத்த சொல்லிருங்க."

"சொல்லுதேன் அண்ணாச்சி. எம்புட்டு நேரமா இருக்கீய?"

"மத்தியானத்துல இருந்து. நடுவுல நீங்க கொஞ்சமும் அசையல. கையி பரபரன்னு வந்திச்சு. பொறவு மூச்சு ஓடுதேன்னு விட்டுட்டேன்."

எனக்காக ஏதேதோ செய்தவர்கள் உண்டு. எனக்காக ஒன்றுமே செய்யாமல் இருக்க இத்தனை கஷ்டப்பட்டவர் இவர் ஒருவர்தான். சிஸ்டரைக் கூப்பிட்டு, நானாகத்தான் விழித்தேன் என்று சாட்சி சொன்னேன். அவர் அண்ணாச்சியையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மொத ஷிப்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிப் போனார்.

வலி அப்படியேதான் இருந்தது. அண்ணாச்சி பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.