சாவி கேட்கக் கூடாத வீடு

“அந்தச் சாவியைக் கொடுங்க, ஆச்சி.”

போனில் சென்னையிலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா முத்துவீரன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வலையபட்டியின் அந்தப் பெரிய வீட்டில் காவல்காரர் குடும்பம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தீபாவளிக்கு வேட்டி கேட்கலாம், உடைந்த நாற்காலி கேட்கலாம், கல்யாணத்துக்கு மிஞ்சிய சாம்பாரை வாளியோடு கேட்கலாம். சாவி மட்டும் கேட்கக் கூடாது. அகல்யாவுக்குப் பேச்சு வந்ததிலிருந்து அப்பா சொல்லிவரும் ஒரே சட்டம் அது. அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டாள். சட்டம் மட்டும் மாறவில்லை.

“எந்தச் சாவிடி?” என்றார் நாச்சியம்மை ஆச்சி.

“மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூம் சாவி. பீஸ் போர்டு உள்ளதான இருக்கு. மாத்தணும்.”

“பீஸ் போனா உங்கப்பன் போடுவானே.”

“போடுறாரு. எப்படிப் போடுறாருன்னு ஒரு தடவை வந்து பாருங்க.”

மாடிப்படி அறைக்குக் கதவு உண்டு. கதவில் தேங்காய் அளவுக்குப் பித்தளைப் பூட்டும் உண்டு. பெரிய செட்டியார் செத்த நாளிலிருந்து அதைத் திறந்தவர் இல்லை. அறையின் பக்கச் சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. பீஸ் போனால் முத்துவீரன் சட்டையைக் கழற்றி, வலது கையை அந்த ஓட்டைக்குள் தோள் வரை விட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பீங்கான் கட்டைகளைத் தடவித் தடவிப் பிடுங்குவார். மெயின் சுவிட்சும் உள்ளேதான். அதன் பிடி என்றைக்கோ முறிந்துவிட்டது. ஆகையால் எல்லாம் மின்சாரம் ஓடும்போதே. பார்க்கிறவர்களுக்கு அவர் வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவது போல இருக்கும்.

போன வாரம் ஷாக் அடித்ததில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. இன்னொரு தடவை அடித்தால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அகல்யாவுக்கு அந்தக் கை வேண்டும். அதற்குத்தான் இந்தப் போன்.

“சாவி சத்தியமூர்த்திகிட்ட இருக்கு” என்றார் ஆச்சி. “எங்க மாமனாரு உசிரு போறப்ப தலைமாட்டுல நின்னது அவன்தான்.”

அந்த வீட்டின் இரண்டாவது பங்குக்காரரான சத்தியமூர்த்தி, ஆச்சியின் கொழுந்தனார், கோயம்புத்தூரில் இருந்தார். “எங்க அண்ணமிண்டி நாச்சியம்மைகிட்டதான் இருக்கு. அவுகதான் கால்மாட்டுல உக்காந்திருந்தாக” என்றார்.

மூன்றாவது பங்கு பெரிய செட்டியாரின் பேத்தி சிவரஞ்சனி. தாத்தா செத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். “அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒளிச்சு வச்சிருக்காங்க” என்றாள் பெங்களூரிலிருந்து.

அப்படியானால் பூட்டை உடைக்கலாமா என்று கேட்டாள் அகல்யா. மூவரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். உடைப்பவர்கள்தான் உள்ளே இருந்ததற்கெல்லாம் பொறுப்பு. உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் மூவருக்கும் தெரியாது.

“நான்தான் சொன்னேன்ல தாயி” என்றார் முத்துவீரன். “சாவின்னு வாயைத் தொறக்காத. அவுக விசயம் அது.”

“கை உங்களுதுப்பா.”

“கை கெடக்கு.”

அகல்யா காரைக்குடிக்குப் போய் ரப்பர் கையுறை வாங்கிவந்தாள். அடுத்த தடவை பீஸ் போனபோது முத்துவீரன் மகளுக்காக அதைப் போட்டுக்கொண்டார். கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. அம்மாக்கண்ணு விளக்கெண்ணெய் ஊற்றி, புருசனின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கை வந்தது. கையுறை உள்ளேயே தங்கிவிட்டது.

“நல்ல கையுறை” என்றார் முத்துவீரன். “அதுக்காவது ரூமுக்குள்ள போகக் குடுத்துவச்சிருக்கு.”

அகல்யா சிரிக்கவில்லை. வயரிங் வேலை செய்யும் சோணையைக் கூட்டிவந்தாள். சோணை ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தான்.

“ஏன் அணைக்கிறீக?”

“பாக்கப் பயமா இருக்கு. வெளிய புதுசா ஒரு போர்டு மாட்டிருவோம். சுவத்துல நாலு ஓட்டை போட்டாப் போதும்.”

பங்குக்காரர்களிடம் கேட்டாள். முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுவர், அதில் டிரில்லிங் மிஷின் படக் கூடாது என்றார் ஆச்சி. படக் கூடாது என்றார் சத்தியமூர்த்தி. படவே கூடாது என்றாள் சிவரஞ்சனி. பெரிய செட்டியார் செத்த பிறகு அந்தக் குடும்பம் ஒருமனதாகச் சொன்ன இரண்டாவது சொல் அது.

“அப்ப ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்குவோம்” என்றான் சோணை. “உங்கப்பா கண்ணால பாத்தாவது கட்டையைப் போடுவாரு. ஒத்தைச் செங்கல்தான், யாருக்குத் தெரியப்போகுது?”

ஒற்றைச் செங்கல்தான் பெயர்ந்தது. ஆனால் உள்பக்கமாக விழுந்தது. நேராகப் போர்டின் மேல். முன்கட்டு இருண்டது. பின்கட்டில் மின்விசிறியைப் போட்டால் விளக்கு எரிந்தது, விளக்கைப் போட்டால் மோட்டார் ஓடியது.

யாருக்குத் தெரியப்போகுது என்ற கேள்விக்குச் சாயங்காலமே பதில் கிடைத்தது. அந்தப் பக்கம் வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஓட்டையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

“செவுத்துல கன்னம் வச்சிருக்காக” என்று ஆச்சி குரல் பதிவு போட்டார். “பூட்டைத் தொடலையாம். பொம்பளைப் புள்ளைய ஏவி விட்டது யாருன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்று சத்தியமூர்த்தி எழுதினார்.

மறுநாள் சத்தியமூர்த்தியின் ஆள் வந்து கதவில் இரண்டாவது பூட்டுப் போட்டான். அதைக் கேள்விப்பட்டு ஆச்சியின் ஆள் மூன்றாவது பூட்டுப் போட்டான். பூட்டுப் போட இடமில்லாத சிவரஞ்சனி ஒரு கேமரா மாட்டச் சொன்னாள். கதவையும் ஓட்டையையும் மூவரும் அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம். கேமரா மாட்ட அதே சுவரில்தான் டிரில்லிங் மிஷினை வைத்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

கேமராவுக்கும் மின்சாரம் வேண்டும், அதைப் பின்கட்டிலிருந்து இழுத்தார்கள். மாட்டிய இரண்டாம் நாள் பீஸ் போனது.

அகல்யா அப்போது மதுரையில் ஒரு வேலைக்கான நேர்காணலில் இருந்தாள். முத்துவீரனுக்குப் போன் வந்தது.

“கேமரா ஏன் இருட்டா இருக்கு?” என்றார் சத்தியமூர்த்தி. “இந்நேரம் பாத்து எவனும் உள்ள போயிறப் போறான். பீஸைப் போடு முத்துவீரா.”

“மக வரட்டும்யா. அது வையும்.”

“உன் மக பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும். போடு.”

முத்துவீரன் சட்டையைக் கழற்றினார். கையை விட்டார். கேமராவுக்கு உயிர் வந்தது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் மூன்று போன்களில் ஒரே படம் தெரிந்தது. பூட்டுகள் மூன்றும் பத்திரமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே தரையில் முத்துவீரன் கிடந்தார்.

உயிர் பிழைத்துக்கொண்டார். கை பிழைக்கவில்லை. ஐந்து விரலும் வெள்ளைத் துணிக்குள் கருகிக் கிடந்தன. அரசு ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு அவருக்குச் சோறு ஊட்டினாள். அகல்யா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள்: ‘ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வந்து கதவைத் தொறங்க. கேமரா கார்டு எங்கிட்ட இருக்கு. தொறக்கலேன்னா அது பிடிச்ச படத்தை எல்லாரும் பாப்பாக.’

வந்தார்கள். தனித்தனிக் காரில் வந்தாலும் ஒன்றாகத்தான் வந்து நின்றார்கள். புதுப்பூட்டு இரண்டையும் அவரவர் திறந்தார்கள். பித்தளைப் பூட்டின் முன்னால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“எடுங்க அண்ணமிண்டி” என்றார் சத்தியமூர்த்தி.

“நீ எடுடா. எங்கிட்ட இருந்தா நான் ஏன் இம்புட்டுத் தூரம் அரக்கப்பரக்க வாரேன்?”

“சோணை, அறுங்க” என்றாள் அகல்யா.

சோணை ரம்பத்தை எடுத்தான். மூவரும் தங்கள் போனில் படம் பிடிக்க, பூட்டு விழுந்தது. உள்ளே காலொடிந்த தொட்டில், துருப்பிடித்த பிஸ்கட் தகரம், வௌவால் எச்சம், ஒரு ரப்பர் கையுறை. அவ்வளவுதான். ஆச்சி தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். சத்தியமூர்த்தி தகரத்தை ஆட்டிப் பார்த்தார். கைக்கு வருமுன்னே ஏதோ நழுவிப் போனதைப் போல மூவர் முகமும் தொங்கிப்போயிற்று.

புதுப் போர்டை வெளிச்சுவரில் மாட்ட சோணைக்கு ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது. டிரில்லிங் மிஷின் சத்தத்தில் முட்டைப்பூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

“இனிமே கவலையில்ல” என்றார் சத்தியமூர்த்தி, சுவிட்சை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே. “பீஸ் போனா இதைத் தட்டி விட்டாப் போதும். உங்கப்பனுக்கு இடது கை இருக்குல்ல.”

 அகல்யா உள்ளே போய் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாளே கட்டி வைத்தவை. தலைவாசல் சாவியை ஆச்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“எங்கடி போறீக?”

“மதுரையில வேலை கிடைச்சிருச்சு. வீடும் பாத்தாச்சு. ஆஸ்பத்திரியிலருந்து அப்பா நேரா அங்குட்டுத்தான் வருவாரு.”

“அப்ப வீட்டை யாரு பாப்பா?”

“கேமரா இருக்குல்ல. அது பாக்கும்.”

“படிச்ச திமிரு” என்றார் சத்தியமூர்த்தி.

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு அவள் வளவு முற்றத்தைத் தாண்டி, வாசற்படி இறங்கித் தெருவில் நடந்தாள்.

எதிரே ஆட்டோவிலிருந்து இறங்கி அம்மாக்கண்ணு தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அகல்யா நிற்கவில்லை. ஒரு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்தின் பக்கம் திருப்பினாள். திரும்பி நடந்தபடியே அம்மாக்கண்ணு மூச்சு வாங்க முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பச்சை ஏறிய ஒரு பித்தளைச் சாவி.

“மூணு பங்கும் ஒண்ணா வந்து கேட்டா மட்டும் குடுன்னு, சாகயில பெரிய செட்டியார் உங்கப்பாகிட்டக் குடுத்ததாம்டி. இன்னைக்கு மூணு பேரும் வந்திருக்காகன்னு சொன்னதும், அரைஞாண் கயித்துல இருந்து இதை அவுக்கச் சொல்லி என்னையத் தொரத்தி விட்டாரு. அவருகிட்டச் சாவி இருக்கான்னு நீங்க யாராச்சும் கேட்டீகளா?”