எரியும்போது பாலிசியை விற்கச் சொன்ன மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் கடிதம் அசிங்கமாகும் என்று விட்டிருக்கிறேன். இங்கே முட்டியைத் தவிர உன் அக்கா நலம். நான் நலமில்லை. உன் நலத்தை அறிய இந்த மாதம் எனக்கு ஆவல் இல்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ "மாமா, மாமா" என்று குழைவாய், எனக்குக் கோபம் ஆறிவிடும். இந்தக் கோபம் ஆறக் கூடாது. ஆகவே எழுத்தில்.

நான் யார் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் வேலையில் என் தலைமுடி முழுவதையும் கொட்டியவன் நான். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, கூரை பறந்த கோழிப்பண்ணை, எதுவானாலும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதில்லை. கோழிகளைக்கூட எண்ணியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனை உட்காரவைத்து நீ ஏமாற்றியிருக்கிறாய். ஏமாற்றவில்லை, விளக்கினேன் என்பாய். இரண்டும் ஒன்றுதான்.

முட்டி விஷயம் உனக்குத் தெரியாததல்ல. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன் அக்கா கடைக்கு இறங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்துவிடுகிறாள். யாராவது ஏறி வந்தால் வலியைக் காட்டிக்கொள்ளாமல், "சும்மா காத்து வாங்கறேன்" என்கிறாள். அந்தப் படிக்கட்டில் காற்று வந்து நான் பார்த்ததில்லை. தையல் வகுப்பு நடத்தி அவள் சேர்த்த பணம் முழுவதும் அவள் பெயரில் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. சந்தைக் குறியீடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆபரேஷனுக்கென்று ஒதுக்கியதால் வீட்டில் அதற்குப் பெயரே முட்டி. காலையில் நான் டிவி போட்டதும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இன்னைக்கு என் முட்டி எங்க நிக்குது?" குறியீட்டைப் பார்த்து, எத்தனை முட்டிக்குப் பணம் தேறும் என்று கணக்குப் போட்டு, "ஒண்ணேகால்ல நிக்குது" என்பேன். அதை வைத்து இப்போதைக்கு ஒரு முட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அவள். இரண்டுக்கும் சேரட்டும், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றேன் நான். இதில் என் தவறு என்ன, சொல்.

அப்போதுதான் நீ வந்து சேர்ந்தாய். பங்குத் தரகர் அலுவலகத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறவன், விவரம் தெரிந்தவன் என்று நம்பி, சந்தை ஆட்டம் காண்கிறதே, முட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உன்னிடம் கேட்டேன். என் சோபாவில் சாய்ந்துகொண்டு, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு நீ சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்குத்தான் மாமா புட் ஆப்ஷன் இருக்கு. ஒண்ணுமில்ல, இன்சூரன்ஸ் மாதிரிதான். பிரீமியம் கட்டறோம். மாசக் கடைசியில குறியீடு ஒரு அளவுக்குக் கீழ இருந்தா, எவ்வளவு கீழயோ அவ்வளவு பணம் நமக்கு. இல்லைன்னா பிரீமியத்தோட போச்சு." யாரிடம் என்ன வார்த்தை பேசுகிறோம் என்ற யோசனை வேண்டாமா? என்னிடம் இன்சூரன்ஸ் என்று சொன்னால் எனக்கு அது இன்சூரன்ஸ். 'மாதிரி' என்பதெல்லாம் என் காதில் ஏறாது. அன்றைக்கே என் ஓய்வூதியத்திலிருந்து பிரீமியம் கட்டினேன். நீயே போனில் எப்படி வாங்குவது என்று காட்டிக்கொடுத்தாய். இன்னொரு காப்பியும் குடித்தாய்.

மாதக் கடைசி வாரம். எங்கோ இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டன என்று, சந்தை திறந்ததும் திறக்காததுமாகத் தலைகுப்புற விழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு. கோட்டுப் போட்ட ஒரு பையன் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறான். உன் அக்கா கரண்டியோடு ஓடி வந்து (ஓடி என்பது ஒரு மரியாதைக்கு), "என் முட்டி எங்க நிக்குது?" என்றாள். "ஒண்ணுக்கு வந்துடுச்சு. பயப்படாத, பாலிசி இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கிருந்த பெருமிதம் இருக்கிறதே, பதவி உயர்வு வந்த அன்றுகூட இருந்ததில்லை. அந்த நேரம் பார்த்து உன் போன். "மாமா, சந்தை விழுந்ததால உங்க புட்டோட விலை பல மடங்கு ஏறியிருக்கு, உடனே வித்துடுங்க!" விற்பதா? வீடு எரிந்துகொண்டிருக்கிறது, தீயணைப்பு வண்டி இன்னும் தெருமுனைக்குக்கூட வரவில்லை, வீட்டுக்காரன் வாசலில் நின்று பாலிசியை விற்றானாம்! அப்படி ஒருவன் என் சர்வீசில் வந்திருந்தால் தீ வைத்ததே அவன்தான் என்று எழுதியிருப்பேன். "சேதம் முழுசா முடியட்டும், அப்புறம் முறைப்படி கிளெய்ம் போடறேன்" என்றேன். "கிளெய்மெல்லாம் கிடையாது மாமா, ஏறும்போது வித்தாத்தான் காசு! முட்டியைப் பத்திக் கவலைப்படாதீங்க, முதல்ல இதை வித்துத் தொலைங்க!" என்று கத்தினாய். முட்டியைப் பற்றிக் கவலைப்படாதவன் பாலிசி எதற்கு எடுக்கிறான்? தொலைங்க என்று வேறு சொன்னாய். போனை வைத்துவிட்டேன்.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சேதம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆகவே டிவியை அணைக்கக் கூடாது, சேனல் மாற்றக் கூடாது என்று சொல்லி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் அக்கா பார்க்கும் தொடரில் அன்றைக்குத்தான் கதாநாயகி மாமியாரை நேருக்கு நேர் கேள்வி கேட்கப்போகிறாளாம். "எத்தனை மாசமா காத்திருக்கேன், அவ கேக்கறதை நான் பாக்க வேண்டாமா?" என்றாள். நான் அசையவில்லை. அவள் திரைக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போட்டோ எடுத்தேன். கீழ்வீட்டுப் பல் டாக்டரை அழைத்துவந்து, சந்தை விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். படித்தவர், ஒரு கேள்வி கேட்காமல் போட்டுக்கொடுத்தார். வாசல் தாண்டிய பிறகு உன் அக்காவிடம் மட்டும், "சாருக்கு ராத்திரியில தூக்கம் சரியா வருதா?" என்று விசாரித்தாராம். அடுத்து தரகர் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் பேசினேன்.

"ஆய்வுக்கு எப்பம்மா ஆள் அனுப்புவீங்க?"

"எதுக்கு சார்?"

"சேதத்தைப் பாக்க."

அந்தப் பெண் என் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். "சார், சந்தை எல்லாருக்கும்தான் சார் விழுந்திருக்கு. யாரும் வந்து பாக்க மாட்டாங்க."

"பாக்காம எப்படிம்மா பணம் குடுப்பீங்க?"

"வித்தா வரும் சார்."

இவளுக்கும் நீதான் பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

மாதக் கடைசி, பாலிசியின் காலாவதி நாளும் வந்தது. ஒருவேளை யாராவது வந்தால் என்ன செய்வது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, போட்டோவும் சாட்சிக் கையெழுத்தும் மேசைமேல் தயாராக, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் அந்த இரண்டு அரசாங்கங்களும் கை குலுக்கிக்கொண்டனவாம். விழுந்து கிடந்த சந்தை விருட்டென்று எழுந்து, முன்பு நின்ற இடத்துக்கும் மேலே போய் நின்றுகொண்டது. எரிந்து சாம்பலான கிடங்கு தானே எழுந்து தன்னைக் கட்டிக்கொண்டதை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. சந்தை மூடும்போது என் புட் பூஜ்யம். போகட்டும், முட்டி பிழைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தேன். மறுநாள் சந்தை மறுபடி விழுந்தது. கை குலுக்கியது சும்மாவாம். அன்றிலிருந்து விழுகிறது, விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, இப்போது கையில் பாலிசியும் இல்லை. பாலிசி முடியட்டும் என்று காத்திருந்து எரிகிற வீட்டை என்ன சொல்வது? திட்டமிட்ட சதி என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கிறது. யார் மேல் புகார் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலையும் டிவி போட்டதும் வழக்கம்போல் கேட்டாள். ஒன்றுக்கும் கீழே போய்விட்டது, ஒரு முட்டிக்கே பணம் போதாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "அப்படியே நிக்குது" என்றேன். எத்தனையோ பேர் சொன்ன பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன், அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் காரணம் நீதான்.

ஆகவே தீர விசாரித்து நான் எடுத்திருக்கும் முடிவு இது. இனி என் வீட்டுக்குள் நீ காலெடுத்து வைக்கக் கூடாது. உன் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே தெருவில் நின்று பார்த்துக்கொள், அவள் பால்கனிக்கு வருவாள். அந்த ஆப்ஷன் கணக்கை மூடச் சொல்லி எழுதிவிட்டேன். குறியீடு, சந்தை, ஃபண்ட் என்ற சொற்களை என் காதுபட யாரும் சொல்லக் கூடாது.

உன் மனைவிக்கு என் மனமார்ந்த ஆசிகள். அவள் பொறுமைக்குத் தனியாக ஓர் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படித்து, மாமன் நம்பியதுபோல் அப்பாவைப் போன்றவர் எவரையும் நம்பாமல், நீடூழி வாழட்டும். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன் (வேறு உறவு இனி இல்லை)

பின்குறிப்பு: முட்டி மூழ்கியதை வாயால் சொல்ல முடியாததால், படித்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்று மேலே எழுதியதை உன் அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். நின்று சிரிக்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். நான் பிரீமியம் கட்டிய அந்த வாரமே, சந்தை உச்சியில் இருக்கும்போதே, ஃபண்டை விற்றுவிட்டாளாம். விற்றுக்கொடுத்தது நீயாம். ஆஸ்பத்திரியில் பணமும் கட்டியாகிவிட்டதாம். வலது முட்டிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறார்களாம். "அப்புறம் எதுக்கு தினமும் காலையில கேட்ட?" என்றேன். "கேக்கலைன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும். முன்னாடியே சொல்லியிருந்தா, ரெண்டுக்கும் சேரட்டும்னு என்னை இன்னும் படியிலயே உட்காரவெச்சிருப்பீங்க" என்றாள். இல்லாத பொருளுக்குப் பாலிசி எடுத்துவிட்டு இழப்பீடு கேட்டு வந்தவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், என்னையும் அனுப்பிவிட்டேன். தெருவில் நிற்கச் சொன்னது ரத்து. வியாழக்கிழமையே வண்டியோடு வந்துவிடு. அவளைக் கீழே இறக்க ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், மறு பக்கம் நீ வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்து கதவைத் திறக்கும்வரை என் பக்கத்திலேயே உட்கார். ஏதாவது பேசிக்கொண்டிரு, சந்தையைப் பற்றியானாலும் சரி. எனக்குப் பயமாக இருக்கிறது.