சுத்தியல் தொடாத கம்பி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். இனி உங்கள் பியானோவின் சங்கதிக்கு வருகிறேன்.

பட்டறையில் இடமில்லை, புது மாதிரியில் நான் செய்து பார்த்த பியானோ, கொஞ்ச நாள் உங்கள் ஹாலில் இருக்கட்டும் என்றீர்கள். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? வந்து இறங்கியது பியானோவா கப்பலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு வழிவிட்டு சோபா படுக்கையறைக்குக் குடிபோனது, நான் என் வீட்டிலேயே ஒருக்களித்து நடக்கிறேன். அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அது பேசுகிறது, மாப்பிள்ளை. தும்மினால் 'ம்ம்' என்கிறது. யாரது என்று அதட்டினேன், 'ஆ' என்று இழுத்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினேன். எதிர்வீட்டம்மா வந்து, "வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா சார்? பேச்சுக்குரல் கேக்குதே" என்றார். "மாப்பிள்ளையோட பியானோம்மா" என்றேன். "உடம்பப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உங்களிடம் போனில் கேட்டபோது பெருமையாக விளக்கினீர்கள். மற்ற பியானோக்களில் பிரிட்ஜ் என்கிற மரக்கட்டையின் மேல் கம்பி ஆணிக்கு ஆணி வளைந்து போகுமாம், உங்களுடையதில் நேராகப் போகுமாம், அதனால் நாதம் நெடுநேரம் நிற்குமாம். நிற்கிறதே, அதுதானே தொல்லை. போதாததற்கு, சுத்தியல் அடிக்கிற மூன்று கம்பிகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று, அதற்குத் தனி பிரிட்ஜ். அதை யாரும் அடிப்பதில்லை, மற்றவை துடித்தால் தானும் துடிக்கும் என்றீர்கள். நான் லிஃப்ட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா தொங்குகிற கம்பிக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. வேலையில்லாத கம்பியைக் கழற்றிவிட வேண்டியதுதான். இதை எழுதும்போது, வேலையில்லாமல் இருக்கிற எனக்கே சுருக்கென்றது, இருந்தாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

உங்கள் மாமியார் போன பிறகு, இந்த வீட்டில் பதில் வராது என்று நான் ஒருவழியாகப் பழகிக்கொண்டவன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் போன் செய்தாள். "சாப்ட்டியாப்பா? எனக்கு வேலை கெடக்கு, அப்புறம் பேசறேன்" என்றாள். "சரிம்மா" என்றேன். அவள் வைத்த பிறகும் பியானோ 'மா... மா...' என்றுகொண்டே இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயசுல இதெல்லாம் எனக்குத் தேவையா, நீங்களே சொல்லுங்க.

ஆகவே இந்த வாரமே லாரி அனுப்பி இதை எடுத்துக்கொள்ளவும். மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும்தான், கோபம் ஆறியதும்.

இப்படிக்கு,
ஒருக்களித்து நடக்கும் மாமனார்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் நீங்கள் அனுப்பிய ட்யூனிங்காரர் வந்துவிட்டார். அடியில் குனிந்து பார்த்துச் சிரித்தார். "கம்பி மேல தப்பே இல்ல சார். ஏத்திட்டு வந்தவங்க பெடல்ல கட்டையச் செருகிட்டு எடுக்க மறந்துட்டாங்க. பெடல் அமுங்கியே இருந்தா கம்பிய அமுக்கிப் புடிக்கிற கம்பளியெல்லாம் தூக்கிட்டு நிக்கும். தும்மினாக்கூடப் பாடும்" என்று கட்டையை உருவி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இருமிப் பார்த்தேன். யாரது என்றேன். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். ஹால் அப்படியே கிடந்தது.

கட்டையை மறுபடி செருகிவிட்டேன். குனிந்ததில் முழங்காலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. லாரி வேண்டாம். பியானோவைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் இருவரும் நேரில் வாருங்கள். கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிக்கொள்ளாமல், அதன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள் அவளை. அவள் குரல் கொஞ்ச நேரமாவது இருக்கும்.