மூலநூலில் உள்ள கூரை

‘சாம்பல்முடி’ என்ற மாயாஜாலத் தொடரின் மூன்றாம் பகுதியில், பதினேழாவது நிமிடம் நாற்பதாவது நொடி முதல் நாற்பத்துநான்காவது நொடி வரை, ஸ்கெலட்டன் லைன் என்ற பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் ஏனோக்கின் வீடு தெரிகிறது. இது வதந்தி அல்ல. முத்திரை குத்தி, இரண்டு பிரதிகளில் சான்றளிக்கப்பட்ட உண்மை. அந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா என்றால் இல்லை. ரேஷன் கார்டில் வீட்டு எண்ணாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆனால் நான்கு நொடி தெரிந்ததற்கு மட்டும் ஆவணம் பக்காவாக இருந்தது.

ஏனோக்குக்கு நாற்பத்தெட்டு வயது. காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு, அதே ரயிலில் திரும்புகிறவன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் காதில் இயர்போன், கையில் போன், போனில் ஏதாவது ஒரு ராஜ்ஜியம் எரிந்துகொண்டிருக்கும்.

தொடர் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கதை பிடித்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை. புத்தகத்தை முன்னாலேயே படித்துவிட்டு, அதை எப்படியெல்லாம் நாசம் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ஏனோக் இரண்டாம் வகை. மாமியாரும் மருமகளும் மாறி மாறி விஷம் வைக்கும் எட்டு மணி சீரியல்களைக்கூட அவன் மன்னித்துவிட்டான். அவற்றுக்குப் புத்தகம் கிடையாது, கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. ‘சாம்பல்முடி’க்கோ ஐந்து பாக நாவல் இருந்தது. ராபர்ட்சன்பேட்டை பழைய புத்தகக் கடையில் அந்த ஐந்தையும் தேடிப் பிடித்து மூன்று முறை படித்திருந்தான்.

நாவலில் ராணிக்கு ஒரு விரல் கிடையாது. தொடரில் பத்தும் இருந்தன, பத்திலும் நெயில் பாலிஷ் இருந்தது. நாவலில் நாயகன் நாற்பது நாள் பாலைவனத்தில் அலைந்து பரதேசியாகத் திரும்புகிறான். தொடரில் அதே நாற்பது நாள் கழித்து, அப்போதுதான் சலூனிலிருந்து எழுந்து வந்தவன் போல வருகிறான். இதையெல்லாம்கூட ஏனோக் பல்லைக் கடித்துப் பொறுத்தான். பொறுக்க முடியாதது அந்த நிலத்தடி நாகம்தான். முந்நூறடி நீளம் என்று நாவல் சொன்ன ஜந்து, கோதுமை மாவில் விழுந்து எழுந்த பல்லியாக வந்து நின்றது. அதன் மூச்சைப் பற்றி நாவலில் ஒரு பத்தி உண்டு. ஏனோக்குக்கு அது மனப்பாடம்: ‘ஈரச் சுவர்களுக்கு நடுவே நெடுங்காலம் கிடந்த உயிரின் மூச்சு அது. இழுக்கும்போது விசிலடித்தது. விடும்போது கிழிந்த துணியாகப் படபடத்தது.’

தொடரில் நாகம் குக்கர் மாதிரி மூச்சுவிட்டது.

“மூணாவது விசில்ல எறக்கி வெச்சிடலாம்,” என்பான் ஏனோக். “மூச்சுக்கூட ஒழுங்கா வுடத் தெரியாத பாம்பு இன்னாத்துக்கு?”

“இன்னாங்க, பாம்பு எப்படியாவது மூச்சு வுட்டுக்கினு போவுது. மேல ஓட்டைய பாருங்க,” என்பாள் மனைவி பிலோமினா. ஜிங்க் ஷீட் கூரையில் துரு தின்ற ஓட்டை அவள் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. அவளுக்கு இளைப்பு. மழை வந்தால் சுவர் ஊறும். சுவர் ஊறினால் அவளால் படுக்க முடியாது, தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே கிடப்பாள்.

இந்த வீடு தொடரில் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கெலட்டனுக்கு யாராவது காமிராவோடு வந்தால் அது ஒரே காரணத்துக்காகத்தான்: வீட்டுப் பட்டா சர்வே. இருபது வருஷத்தில் பதினாறு சர்வே நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் குடும்பத்தோடு வாசலில் நின்று, ரேஷன் கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து, போட்டோவுக்கு நின்று, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், ஆறு மாதத்தில் வந்துவிடும் என்பார்கள். ஆகவே போன ஜனவரியில் நான்கு வேனில் காமிராக்கள் வந்து இறங்கியபோது, லைன் முழுக்கக் கார்டோடு வாசலுக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு ராஜப்பா, சுரங்க ஷாஃப்டில் ஆளேற்றி இறக்கும் கேஜ் ஓட்டி ரிட்டயரானவர், சட்டை மாற்றிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை காமிரா இவ்வளவு பெரிதாக இருப்பதால் பட்டா நிச்சயம் என்றார். நீட்டிய நான்கு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏனோக் வேலைக்குப் போயிருந்ததால் பிலோமினா போட்டாள்.

நாகம் எரித்த கிராமம் என்று தொடரில் காட்டினார்கள். கிராபிக்ஸில் ஒரு செங்கல்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை. உயிர் பிழைத்தவர்கள் வாசலுக்கு வாசல், நெஞ்சில் ஓர் அட்டையோடு நின்றார்கள். அந்த அட்டை என்ன என்று ரசிகர்கள் நாற்பது நிமிட வீடியோக்கள் போட்டார்கள். இறந்தவர் பெயர் எழுதிய பலகை என்றார் ஒருவர். நாகத்துக்கு எதிரான மந்திரத் தகடு என்றார் இன்னொருவர். கடைசியில் அது ஃபேஷனாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து, ஸ்கெலட்டனின் இடிந்த சுவர்களுக்கு முன்னால் மெட்ரோ கார்டையோ ஜிம் கார்டையோ நெஞ்சில் பிடித்து, சோகமாகப் படமெடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் சேர்ந்த இடத்தில் அலுவலகம் முளைப்பது இயற்கை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேக்கரி மாடியில் அரசாங்கத்தின் ‘திரைத்தல நம்பகத்தன்மைப் பாதுகாப்பு வாரியம்’ தொடங்கப்பட்டது. வாரியத்தின் நோக்கம், தொடரில் தெரிந்தவை தெரிந்தபடியே இருப்பதை உறுதி செய்தல்.

இது எதுவும் தெரியாமல், செப்டம்பர் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏனோக்கும் ராஜப்பாவும் மேலே ஏறிப் புது நீலக் கலர் ஷீட் இரண்டைப் போட்டு போல்ட் முடுக்கிவிட்டார்கள். பிலோமினா அன்று மாலை கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். வியாழக்கிழமை நோட்டீஸ் வந்தது.

நம்பகத்தன்மை அலுவலர் விநாயக் நல்ல மனிதர். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். கணினியில் பதினேழாவது நிமிடத்தை ஓடவிட்டு, நிறுத்தி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

“நோடி சார், இது உங்க மனெதானே? இங்க ஓட்டை இருக்கு. இப்ப ஓட்டை எல்லி?”

“அடைச்சிட்டேன் சார். மழை வருது.”

“தொடர்ல மழை வரல்ல.”

“வூட்ல வருது சார். என் வீட்டுக்காரிக்கு இளைப்பு.”

விநாயக் படத்தைப் பெரிதாக்கினார். “இவங்கதானே மேடம்? எடப்பக்கத்திலிருந்து மூணாவது. நல்லாத்தானே நின்னுகிட்டு இருக்காங்க?” பிறகு அந்த நான்கு பக்கக் காகிதத்தை எடுத்து வைத்தார். தொடரின் எல்லாப் பருவங்களும் முடியும்வரை இல்லத்தின் தோற்றத்தில் மாறுதல் செய்வதில்லை; கீழே பிலோமினாவின் கையெழுத்து. “ஒரே வாரத்தில ஓட்டையை மறுபடி ஸ்தாபிக்கணும் சார். அதே அளவு.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கெஞ்சியிருப்பான், இல்லை கத்தியிருப்பான். ஏனோக் ரசிகன். ஆகவே வாதம் செய்தான்.

“சார், தொடர்ல காமிச்சதே தப்பு. நாவல்ல நாகம் அந்த ஊர எரிக்கவே இல்ல. ரெண்டாம் பாகம், பதினாலாம் அத்தியாயம். அந்த ஊர்ல எல்லா வூட்டுக்கும் கூரை கீது.”

விநாயக் எழுந்து நின்றுவிட்டார். “நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்களா?”

“அஞ்சு பாகமும். மூணு தடவ.”

அலுவலகத்தில் இருந்த மற்ற நான்கு பேரும் வந்து ஏனோக்கைப் பார்த்தார்கள். ‘சாம்பல்முடி’யைப் பாதுகாக்க நியமிக்கப்பட்ட அந்த ஐவரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. விதி முப்பத்தொன்றின்படி, திரைக்கும் மூலநூலுக்கும் முரண் ஏற்பட்டால் மூலநூலே செல்லும். ஆனால் முரணை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது. முரண்களை எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றார் விநாயக். அதுவரை நீல ஷீட்டுக்குத் தற்காலிக அனுமதியும் தந்தார்.

வாழ்நாளில் முதல் முறையாக, தழுவல் தப்பு, நாவல்தான் சரி என்று ஓர் அரசாங்க நாற்காலி ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏனோக் அன்று ரயிலில் ஒன்றும் பார்க்கவில்லை. எழுதினான். மறுநாளும் எழுதினான். கூரையைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும். அவன் இருநூற்றுப் பன்னிரண்டு முரண்களை எழுதினான். ராணியின் விரல், நாயகனின் தலைமுடி, நாகத்தின் மூச்சு எல்லாம் வரிசையாக வந்தன. கூரை நூற்றுத் தொண்ணூறாவதாக வந்தது. லைனில் இருந்த எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டாவுக்காக இருக்கும்.

மேலிடம் இருநூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஸ்கெலட்டன் இனி மூலநூலில் உள்ளபடி புனரமைக்கப்படும் என்று ஆணை வந்தது. கூடவே ஏனோக்குக்கு ‘மூலநூல் ஆலோசகர்’ என்று கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையும், இரண்டாம் பருவத்தின் இறுதியில் பெயர் வரும் என்ற உறுதியும் வந்தன.

“இன்னா ஏனோக்கு, மூலநூல்ல கூரை இன்னா மாதிரி கீது?” என்று கேட்டார் ராஜப்பா.

ஏனோக் மேலே நீல ஷீட்டைப் பார்த்தான். “பனையோலைண்ணே.”

“ஷீட்டு?”

“ஷீட் இல்லண்ணே. அந்தக் காலத்துல ஏது ஷீட்டு?”

“ஓட்டை ஷீட்டாவது மிச்சமாயிருக்குமேப்பா, அதும்பாட்டுக்கு வுட்டிருந்தா,” என்றார் ராஜப்பா.

வாரியத்து ஆட்கள் வந்து லைனிலிருந்த அத்தனை ஷீட்டையும் இறக்கி, நம்பர் போட்டு, லாரியில் ஏற்றினார்கள். பனையோலைக்கு விண்ணப்பம் போயிற்று. அது எந்த மாவட்டத்து ஓலை என்று நாவலில் இல்லாததால் கோப்பு நின்றது. மழை நிற்கவில்லை. எல்லாக் குடும்பமும் தார்பாய் கட்டிக்கொண்டது. தார்பாயும் நாவலில் இல்லை என்று கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. அந்தக் குறிப்பை எழுதியவன் ஏனோக். ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்ல வேண்டும் அல்லவா. ‘ஓலை வரும்வரை கூரையற்ற நிலையே மூலநூலின் உணர்வுக்கு நெருக்கமானது’ என்றும் எழுதிக் கையெழுத்திட்டான். அவன் மனமறிந்து பொய் சொல்லவில்லை. நான்காம் பாகத்தில் அந்த ஊர்ப் பெண்கள் கூரையில்லாமல் மழையில் நிற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மூன்று முறை படித்தபோதும் மூன்று முறை அழுதிருக்கிறான்.

“தார்பாயயும் எடுத்துட்டா நான் எங்க படுக்கறது?” என்று கேட்டாள் பிலோமினா. கேட்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

“ரெண்டே வாரம் பிலோமி. ஷூட்டிங் முடிஞ்சதும் ஓலை வந்துரும்.”

“ஓலை வந்தா இளைப்பு போயிருமா?”

ஏனோக் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் அவளுக்கு இன்ஹேலர் வாங்கி வந்தான்.

ஷூட்டிங் வண்டிகள் திரும்ப வந்தன. லைன் முழுக்க மறுபடியும் ரேஷன் கார்டோடு வாசலில் நின்றது. கூரை போன பின்பும் பட்டா வரும் என்ற நம்பிக்கை போகவில்லை. நாவலில் யாரும் அட்டை பிடிக்கவில்லை என்று ஏனோக் முரண் எண் எட்டைக் காட்டி ஓடி ஓடிச் சொன்னான். பிடிக்கட்டும், ரசிகர்களுக்குப் பிடிக்கிறது என்றார் விநாயக். பிலோமினா இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்வீட்டி என்ற ஒலிப்பதிவுக்காரப் பெண், ஊரின் இயல்பான சத்தம் வேண்டும் என்று சொல்லி, நீண்ட கம்பில் மைக்கை மாட்டி வீடு வீடாக நீட்டினாள். ஏனோக்கின் வீட்டில் மட்டும், பிலோமினாவின் பக்கத்தில், அரைமணி நேரம் நின்றாள். போகும்போது பிலோமினாவின் கையைப் பிடித்து, ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி என்றாள்.

தை பிறந்ததும் இரண்டாம் பருவம் வெளியானது. ஏனோக் காலை ரயிலில் பார்த்தான். பெட்டியே அவனைப் பார்த்தது. ராணிக்கு இப்போதும் பத்து விரல். நாயகன் தலையில் இப்போதும் எண்ணெய்ப் பளபளப்பு. நாகம் மட்டும் இருட்டுக்குள்ளேயே இருந்தது. முகம் காட்டவில்லை, மூச்சு மட்டும் வந்தது. இழுக்கும்போது விசிலடித்தது. விடும்போது கிழிந்த துணியாகப் படபடத்தது.

ஏனோக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுத்துக்கு எழுத்து நாவல். இருபது வருஷத்தில், அறுபது தொடர்களில், ஒரே ஒரு இடத்தில் சரியாகச் செய்திருக்கிறார்கள். இயர்போனைப் பிடுங்கிவிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

“அடேயப்பா, இதுதாம்பா பாம்பு,” என்றார் எதிர் சீட்டுக்காரர். “எந்த மிஷின்ல பண்ணாங்களோ.”

பெட்டி முழுக்கத் தலையாட்டியது. பின்னால் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டான். இரண்டாம் தடவையில், விசிலுக்கும் படபடப்புக்கும் நடுவில், மூச்சு இரண்டு முறை நின்று மறுபடி கிளம்பியது. மூன்றாம் தடவை அவன் போடவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தான். அந்த இரண்டு நிறுத்தமும் அவன் வீட்டுக் கட்டிலில் தினமும் கேட்பவை.

அந்தத் தொடரை ஏழு மொழியில் டப் செய்திருக்கிறார்கள். மூச்சை மட்டும் எந்த மொழியிலும் மாற்றவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நன்றாக இருந்தது என்று நான்கு பேருக்குச் சொல்லியும் இருப்பீர்கள்.

“இன்னா ஏனோக்கு சார், கம்முனு ஆயிட்டீங்க? எப்படி கீது?” என்று கேட்டார் எதிர் சீட்டுக்காரர்.

ஏனோக் கழுத்திலிருந்த அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

“புக்குல இருக்கிற மாதிரியே கீது,” என்றான்.