பெரியத்தை முதலிடம் பெற்ற படலம்

வாழ்க மருந்துக்கடை மாவீரன்! இருமலையும் சளியையும் எதிர்நின்று புறங்கண்ட பெருங்கடையின் காவலன். மருத்துவர்தம் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படித்தறியும் வித்தகன். ஆயிரம் மாத்திரைகளையும் அகரவரிசையில் அடுக்கிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினாலும் கேட்டதையே எடுத்துத் தரவல்ல சீர்த்தியன். அன்னவன் அரைக்கால் சட்டை தரித்து, சோபா என்னும் சிம்மாசனத்தில் சாய்ந்து, இணையத்தில் ஒரு குடும்பப் படத்தொகுப்பு சமைக்கப் புகுந்த பெரும்போரை இங்கே உரைக்கப் புகுந்தோம். சொல்லின் தெய்வமே, கதை முடியும்வரை நெட் கட்டாகாமல் காத்தருள்வாயாக!

அவன் மனைவியின் உறவுக் கூட்டம் மொத்தமும் ஒரு விடுமுறை நாளில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடியது. வீரன் ஆளுக்கொரு படம் எடுத்தான். போதாக்குறைக்கு, யார் காலைக் கண்டாலும் முகர்ந்துகொண்டிருந்த நாய்க்கும் ஒரு படம் எடுத்தான். "எல்லாம் ஆப்லயே ரெடியா இருக்கு மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷ வேலை" என்று மைத்துனர் சொன்னதுதான் தாமதம், மீசை துடிக்க எழுந்தான். "பிறர் சமைத்த தொகுப்பில் எம் படம் வீற்றிருப்பதோ! யாமே ஸ்கிரிப்ட் எழுதுவோம்!" என்று அவன் முழங்கியதில் டீ டம்ளர்கள் அதிர்ந்தன.

ஸ்கிரிப்ட் என்பது சொன்னதை மட்டும் செய்யும் ஓர் ஏவல்பூதம். யாரேனும் பக்கத்தைத் திறந்தால் போல்டருக்குள் ஓடி, படங்களைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தி நிறுத்த வேண்டும். அவ்வளவே அதன் ஊழியம். சர்வரோ கோட்டைவாயிற் காவலனாக நின்று 'அனுமதி இல்லை' என்று பூதத்தைத் திருப்பியனுப்பிக்கொண்டே இருந்தது. வீரன் அதன் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்த பிறகு, அந்தப் போல்டரைப் பூட்டியதே தான்தான் என்று கண்டான். பூட்டைத் திறந்தான், பூதம் உள்ளே பாய்ந்தது. படங்களுக்கு மனைவி அழைக்கும் உறவுமுறையையே பெயராகச் சூட்டி, கடைப்பழக்கம் மாறாமல் அகரவரிசையில் நிறுத்தி, முகவரியை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

திரையில் அண்ணன் முதலில் வந்தார், அண்ணி வந்தார், சித்தப்பா வந்தார், சித்தி வந்தார், தங்கை தம்பிகள் நால்வர் வந்தனர், நாய் வந்தது. நாய்க்கும் பிறகு, கடைசியில், பெரியத்தை வந்தார்.

பெரியத்தை எத்தகையவர்! காரில் முன்சீட்டும் பந்தியில் முதல் தட்டும் அவருக்கே உரியவை. தாயை இழந்த அவன் மனைவியை மடியில் போட்டு வளர்த்தவரும் அவரே. அன்று மாலையே போன் வந்தது. "உன் வீட்டுக்காரன் எனக்கு எடம் போட்டிருக்கான் பாரு, நாய்க்கு அப்புறமா!" என்று ஒரே ஒரு கணை எய்துவிட்டு அவர் போனை வைத்தார். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. மனைவி சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "எனக்கு அவங்கதாங்க அம்மா. அவங்க பேசாம நான் எப்படி இருப்பேன்?" என்றாள். மாவீரனுக்கு அது நெஞ்சில் தைத்தது.

"கேளீர் எண்டிசையோரே! பெரியத்தையை முதலிடத்தில் அமர்த்தும்வரை யாம் முகச்சவரம் செய்யோம்!" என்று சூளுரைத்து மீண்டும் களம் புகுந்தான். வயதும் முறையும் எடைபோட்டு, பெயர்களை அழித்து எண்கள் இட்டான். பெரியத்தைக்கு ஒன்று. சித்தப்பாவுக்கு இரண்டு. அப்படியே இறங்கி நாய்க்குப் பத்து. பக்கத்தைத் திறந்தான். ஆகா, முதலில் பெரியத்தை! அவருக்கு அடுத்து, நாக்கைத் தொங்கப்போட்டபடி நாய்! அதற்கும் கீழேதான் சித்தப்பா.

போன் அடித்தது. "எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல மாப்பிள்ளை, சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன். நாய் உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றார் சித்தப்பா.

வீரன் கீபோர்டைக் குத்தினான், பூதத்தை அதட்டினான், கெஞ்சினான், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்து எழுப்பினான். நாய் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது: பூதத்துக்கு எண்ணத் தெரியாது. முதல் எழுத்தைப் பார்த்து அடுக்க மட்டுமே தெரியும். 1, 10 இரண்டுமே ஒன்றில்தான் தொடங்குகின்றன. எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. தன் கடை மாத்திரைகளை அவன் அடுக்கும் அதே முறைதான். யாரைத் திட்டுவது?

எழுந்தான் வீரன்! அம்பறாத்தூணியின் அடியிலிருந்து, உருண்டு திரண்ட, உள்ளே ஒன்றுமேயில்லாத பூச்சியம் என்னும் பேரஸ்திரத்தை உருவினான். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஒரு பூச்சியத்தை அறைந்து 01, 02 என்றாக்கினான்; இனி ஒன்றில் தொடங்குவது பத்து மட்டுமே. படை குலுங்கிற்று, வரிசை புரண்டது, சித்தப்பா இரண்டாம் அரியணை ஏறினார், நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கடைக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியத்தையோ திரையின் உச்சியில், ஒன்பதின்மர் அடிபணிய, பேரரசியென வீற்றிருந்தார்!

பெரியத்தை வீட்டிலேயே இருக்கும் சித்தி, தன் போனை அவர் கண்முன் நீட்டிக் காட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. வீடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அழைப்பு வந்தது. பெரியத்தையேதான்! "அத்தை!" என்று மனைவி அழுகையும் சிரிப்புமாகக் கதறி, போனை இருகையாலும் பற்றிக்கொண்டாள். தாடி வளர்ந்த மாவீரன் மார்பை நிமிர்த்தி, வாழ்த்தொலி கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு அருகே நின்றான்.

அந்தப் படத்தில் தான் ரொம்ப குண்டாகத் தெரிவதாகவும், அதை எடுத்துவிடும்படியும் பெரியத்தை சொன்னார்.