பொன்னுருக்கலில் ஒரு பிஸ்டல்

பயிற்சி இல்லாதவன் இடுப்பில் துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு திரியலாமா என்று எங்காவது விவாதம் நடந்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள். நான் வாய் திறக்கத் தேவையில்லை. மேடையில் சும்மா நின்றால் போதும், மிச்சத்தை என் மனைவி வதனி சொல்லிவிடுவாள்.

(பயப்படாதீர்கள், நிசத் துப்பாக்கி இல்லை. கண்ணீர்ப்புகை அடிக்கிற சின்னப் பிஸ்டல். ஆனால் அன்று அது செய்த வேலைக்குப் பீரங்கியே வெட்கப்படும்.)

வதனியின் ஒரே தம்பி சுதனுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி முதலில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் நடக்கும். பத்தர் வந்து, எல்லோரும் பார்க்க ஒரு தங்கக் காசை உருக்கித் தாலி வேலையைத் தொடக்குவார். பொன் உருகிய பிறகு தாலி கட்டும் நாள் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. வதனியின் அம்மா, என் மாமி, இதில் மகா கண்டிப்பு. "பாத்தால் அபசகுனம், கலியாணத்தையே தள்ளிப் போடுவன்" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். மண்டபம், மேளம், ஐயர் எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. தள்ளிப் போட்டால் சுதன் செத்தே போவான்.

அந்தக் காசைப் பாரிஸ் லா சப்பல் நகைக்கடையில் எடுத்து சுதன் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு, மூத்த மருமகன் என்ற முறையில் எனக்கு. தூரம் இருநூறு மீட்டர். அதற்குத்தான் ஆயுதம் வாங்கினேன்.

விற்ற வெள்ளைக்காரர் நல்ல மனிதர். இதை வெளியில் காவித் திரியாதே என்றார். பின்னறையில் தண்ணீர் நிரப்பியது ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் பழகிவிட்டுப் போ என்றும் சொன்னார். நான் எந்த நாட்டிலிருந்து வந்தவன், எனக்கா பழக்குகிறாய் என்று கேட்கப் பிரெஞ்சு போதாததால், மீசையைத் தடவிக் காட்டிவிட்டு வந்தேன். (ஊரில் வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய்ந்ததுதான் என் மொத்த அனுபவம்.)

வதனி அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? கன்ரீனில எனக்கு வெங்காயம் வெட்டுற கத்தி தரவே ரெண்டு நாள் பொர்மாசியோன் வச்சுப் பழக்கினவங்கள். நீங்கள் ஒண்டும் பழகாமல் உதைக் கொண்டுபோய் ஆரைச் சுடப் போறியள்?"

"அமத்தினால் சீறும். இதுக்கென்ன பெரிய படிப்பு?" என்றேன் நான். கார் ஓட்டும் பெர்மிப் பரீட்சையில் நாலு தரம் பெயிலானவன் பேசுகிற பேச்சு!

அந்தச் சனிக்கிழமை காலை, பட்டு வேட்டி, அதற்கு மேல் குளிர் கோட்டு, வேட்டி இடுப்பில் பிஸ்டல், சட்டைப் பையில் காசு என்று கடையை விட்டு இறங்கினேன். நூறு மீட்டர் போவதற்குள் ஒருவர் என்னைப் பின்தொடர்வது தெரிந்தது. வேட்டிக்குள் கைவிட்டுப் பிஸ்டலின் பூட்டைத் திறந்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால், எழுபது வயது மதாம் ஒருவர் நாய்க்குட்டியோடு வருகிறார். "பொன்ஜூர்" என்றார். நானும் "பொன்ஜூர்" என்றேன். திறந்த பூட்டைத் திரும்பப் பூட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அரை மணி நேரம் பழகியிருந்தால் தோன்றியிருக்கும்.

சுதன் வீடு மூன்றாம் மாடி. சின்ன ஹோலில் இருபது பேர். குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பத்தர் ஊதி ஊதிக் காசை உருக்கினார். பொன் தகதகவென்று உருண்டு நின்றது. மாமி கண்கலங்கிக் கும்பிட்டார். (பாவம், அது வெறும் ஆரம்பம்.) "மருமோன், முதல் பூவை நீர் போடும்" என்றார்.

நான் பூவோடு குனிந்தேன். என் தொப்பை வண்டியும் குனிந்தது. வண்டி பிஸ்டலை அமத்தியது.

உஸ்ஸ்ஸ்!

குழல் கீழ்நோக்கி இருந்ததால் முதல் எதிரி நானேதான். எங்கே பட்டது என்று கேட்காதீர்கள். "ஐயோ அம்மா!" என்று துள்ளி, சபை மரியாதையெல்லாம் மறந்து வேட்டியை உருவி எறிந்தேன். மிச்சப் புகை ஹோல் முழுக்கப் பரவியது. இருபது பேரும் இருமிக்கொண்டு படியால் உருண்டார்கள். பத்தர் மட்டும், நெருப்பை அணைத்துத் தங்கத்தைப் பொத்திக்கொண்டு கடைசியாக இறங்கினார். தொழில் பழகிய மனிதர்.

கண் தெரியாத கூட்டம் எங்கே ஓடும்? பக்கத்துப் பார்மசிக்குள் புகுந்தது. அங்கே வேலை செய்கிற பிள்ளை நிரோஷி. அவள்தான் பொம்பிளை!

அவளுடைய குரலைக் கேட்டதும் மாமிக்கு விளங்கிவிட்டது. "சுதன், கண்ணைத் திறவாதை!" என்று வீறிட்டார்.

நிரோஷிக்கு வேலைதான் முதலில். "மாமி, கழுவாட்டிக் கண் பழுதாப் போயிரும். உவ்ரே லெசியோ, சுதன், கண்ணைத் திறவுங்கோ!"

"திறந்தியெண்டால் கலியாணம் இல்லை!"

சுதன் மூக்கால் ஒழுக ஒழுக நடுவில் நின்று, "அம்மா, நான் திறக்க நினைச்சாலும் ஏலாதம்மா" என்று அழுதான். அன்று முழுவதும் என் பிஸ்டல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நிரோஷி அவன் இமையைத் தன் விரலால் பிரித்து மருந்துத் தண்ணீர் விட்டாள். அவன் கண்ணில் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தான்.

"அவன் பாக்கேல்லை, சரி. நீ பாத்தனி எல்லோ?" மாமி விடவில்லை.

நிரோஷி கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லை மாமி. கதவு திறந்த நேரம் தொடக்கம் நான் அண்ணையைத்தான் பாத்தனான். வேற ஒண்டும் என்ர கண்ணில படேல்லை."

எல்லோரும், திறக்க முடிந்த அளவு கண்ணைத் திறந்து, என் பக்கம் திரும்பினார்கள். குளிர் கோட்டு, நெற்றியில் சந்தனம், அதற்குக் கீழே கோடு போட்ட உள்காற்சட்டை. மாமிக்கு முதலில் வாய் கோணியது, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். வதனி தன் சால்வையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டாள். அதுதான் எனக்கு அந்தப் புகையை விட எரிந்தது.

கல்யாணம் சொன்ன நாளிலேயே நடந்தது. மண்டப வாசலில் சுதனின் கூட்டாளிகள் என்னை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பிறகு பிறந்தநாள், வீடு குடிபுகல், சாமத்தியவீடு என்று எங்கே போனாலும் இதே சோதனைதான். இப்போது யாரும் கேட்காமலே என் கைகள் தானாக மேலே போய்விடும்.

போன மாதம் பாரிசுக்கு வெளியே எபினேயில் சுதனின் மகளுக்கு முதலாம் பிறந்தநாள். கதவு திறந்ததும் வழக்கம்போலக் கைகளைத் தூக்கினேன். தாயின் இடுப்பிலிருந்த குழந்தை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தன் இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்தது. மாமாவுக்கு வணக்கம் சொல்வது இப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.